பர்மா பங்களாவின் தரை இடுக்குகள்

தம்பி,

உன் கடிதமும் அதோடு வந்த ஏழு போட்டோக்களும் கிடைத்தன. கல்யாணப் பெண்ணின் படமாக இருக்கும் என்று ஆசையாக உறையைக் கிழித்தால், ஏழும் போன மாதம் நீ இங்கே வந்தபோது எடுத்த நம் பங்களாத் தரையின் படம். உனக்குத் தரையைக் கட்டிக்கொள்ளும் எண்ணமா என்று நினைத்துச் சிரித்தேன். அப்புறம் கடிதத்தைப் படித்தேன். "அம்மா, தேக்குப் பலகைகளுக்கு நடுவே இருந்த இடுக்குகளை யாரோ படகை அடைப்பதுபோல் பஞ்சும் குங்கிலியமும் வைத்து அடைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட பங்களாவில் இந்தக் காட்டுமிராண்டித்தனத்தைச் செய்தது யார்?" என்று கேட்டிருந்தாய். நான்தான் செய்தேன். நீ கைக்குழந்தையாக இருந்தபோது கோடியக்கரையிலிருந்து படகு வேலைக்காரர்கள் நாலு பேரை வரவழைத்து, ஒன்பது நாள் சோறு போட்டு, விரல் நுழையும் இடமில்லாமல் அடைக்கச் சொன்னேன். காட்டுமிராண்டித்தனம் என்று நீ எழுதியது சரியான சொல்தான். ஆனால் அதை நீ தப்பான இடத்தில் போட்டிருக்கிறாய்.

இந்தக் கடிதத்தை அச்சில் கொடுக்கப் போகிறேன். உனக்கு மட்டும் எழுதினால் படித்து, மடித்து, பெட்டியில் வைத்துவிடுவாய். அதுதான் நம் வீட்டு வழக்கம், அந்த வழக்கத்தில் நான் கெட்டிக்காரி. இருபத்தேழு வருஷம் வாயை மூடி வைத்திருந்தவள், திறப்பதென்று முடிவான பிறகு அடுக்களையில் மட்டும் முணுமுணுத்தால் போதாது. உனக்குக் கோபம் வரும். வரட்டும். கல்யாணத்துக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது, அதற்குள் கோபப்பட்டு முடித்துக்கொள்.

மெட்ராஸில் கட்டடக் கலை படித்த உனக்கு நான் இந்தப் பங்களாவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மூன்று அடுக்குக் கூரை, மேலே போகப் போகச் சிறுத்து, மூலைகள் வானத்தைப் பார்த்து வளைந்திருக்கும். ஒவ்வொரு மூலையிலும் ஒரு வெண்கல மணி. முகப்பில் யாளி மாதிரியும் இல்லாமல் பாம்பு மாதிரியும் இல்லாமல் மீசை வைத்த சீன நாகம் சுற்றிக்கொண்ட நாலு தூண். நடுக்கூடத்துக்குப் போக முழு வட்டமாக ஒரு வாசல். உன் கொள்ளுத்தாத்தா ரங்கூனில் அரிசி ஆலை வைத்துச் சம்பாதித்து, தேக்கையும் கூடவே ஒரு பர்மாக்காரச் சிற்பியையும் ஒரு சீனத் தச்சனையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு நாகப்பட்டினத்தில் இறங்கினார். திருவாரூர்த் தேர் பார்த்த கண்ணுக்கு இது என்ன கோமாளித்தனம் என்று ஊரில் சிரித்தார்களாம். சிரித்தவர்களே அப்புறம் பயந்து விலகி நடந்தார்கள். நீ இதையெல்லாம் ஆங்கிலத்தில் அழகாக எழுதி, பங்களாவை விடுதியாக்கியதும் தங்க வருகிற வெள்ளைக்காரர்களுக்குப் புத்தகம் போடப் போகிறாய். போடு. ஆனால் ஒரு வீட்டைப் பார்க்கிறவன் முதலில் அண்ணாந்து பார்க்கக் கூடாது, குனிந்து பார்க்க வேண்டும். நான் மருமகளாக வந்த அன்று அண்ணாந்து பார்த்தவள்தான்.

இந்த வீடு தரையில் நிற்கவில்லை. இடுப்பளவு உயரத்துக்கு நட்ட தேக்குக் கட்டைகளின் மேல் நிற்கிறது. பர்மாவில் ஆற்றங்கரை வீடுகள் அப்படித்தான், கீழே தண்ணீர் ஓடுமாம். இங்கே எந்தத் தண்ணீர் ஓடுகிறது? இருந்தாலும் பார்த்ததை அப்படியே கட்டினார்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு விரல் இடுக்கு, கழுவிவிட்ட தண்ணீர் நேராகக் கீழே இறங்கிவிடும். தேக்கில் சாணி மெழுக முடியாதில்லையா? அதனால் வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் கரைத்த தண்ணீரை ஊற்றிக் கழுவுவது நம் வீட்டில் வைத்த பழக்கம். அது வீட்டு மருமகளின் வேலை, வேலைக்காரி தொடக் கூடாது. கீழே கட்டை மறைப்புக்குள் கயிறும் சாக்கும் கிடக்கும். வெள்ளிக்கிழமையன்று எதையாவது எடுக்க உள்ளே நுழைந்தவன் முதுகெல்லாம் மஞ்சள் கோடு கோடாக வெளியே வருவான். "புலி வந்துட்டுது, புலி வந்துட்டுது" என்று வீடே சிரிக்கும். நம் பண்ணைக் காரியக்காரர் ஒருமுறை புது பனியனோடு போய்ப் புலியாகி வந்தார். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். இந்தச் சிரிப்பை நினைவில் வைத்துக்கொள்.

ஆட்சி மாறிய புதிது. உன் அப்பாவும் அவர் சேக்காளிகளும் ஒரே வாரத்தில் வேட்டிக் கரையை மாற்றிக்கொண்டார்கள். மேலே யார் உட்கார்ந்தாலும் கீழே வரப்பு தங்களுடையதுதான் என்பது அவர்களுடைய கணக்கு. கீழத்தெருவில் அந்தக் கணக்கு செல்லுபடியாகவில்லை. சங்கம் வைத்தார்கள், சிவப்புக் கொடி நட்டார்கள், அறுவடைக் கூலியில் ஒரு படி நெல் கூடக் கேட்டார்கள். ஒரு படி, தம்பி. நாம் கோழிக்கு இறைப்பதில் அது இருக்கும். உன் அப்பா வெளியூரிலிருந்து ஆள் இறக்கினார். தை மாதம் ஒரு புதன்கிழமை, பெரிய பங்கு வயலில் வெளியூர் ஆட்கள் இறங்கியதும் கீழத்தெரு ஆட்கள் வரப்பில் வந்து நின்றார்கள். எல்லார் கையிலும் அரிவாள், அறுக்க வந்தவன் கையிலும், தடுக்க வந்தவன் கையிலும். காரியக்காரரின் தம்பி கழுத்தில் வெட்டு விழுந்து அறுத்த தாள் மேலேயே செத்தான். யார் அரிவாள் என்று யாரும் பார்க்கவில்லை. கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றவன் வீரையன், அதனால் பேர் அவனுக்குப் போயிற்று.

வீரையன் யார் என்றால், நம் மாட்டுக்கொட்டகையில் வேலை செய்த அஞ்சம்மாளின் தம்பி. இருபத்திரண்டு வயது. அன்று சாயங்காலம் நம் ஆட்கள் கீழத்தெருவில் புகுந்து கூரைகளைப் பிடுங்கினார்கள், பானைகளை உடைத்தார்கள், ஒரு கிழவரின் காலை முறித்தார்கள். வீரையன் கிடைக்கவில்லை. எப்படிக் கிடைப்பான்? அவன் நம் வீட்டுக்கு அடியில் படுத்திருந்தான். அவனைத் தேடிப் போனவர்கள் அவன் தலைக்கு மேலே நடந்துதான் போனார்கள்.

மறுநாள் எனக்குத் தெரிந்தது. நீ வயிற்றில் ஆறு மாதம். கால் வீங்கி மெட்டி இறுக்கியது. மூலை அறையில் உட்கார்ந்து அதைக் கழற்றினேன். உருண்டு போய் இடுக்கில் விழுந்தது. போச்சுடா என்று குப்புறச் சாய்ந்து கண்ணை வைத்துப் பார்த்தேன். இருட்டிலிருந்து ஒரு விரல் மேலே வந்தது, விரல் நுனியில் என் மெட்டி.

"யாரு?" என்றேன்.

"வீரையன். அஞ்சம்மா தம்பி. கத்தாதீங்க, சின்னம்மா."

"கத்தல."

"குடிக்க ஏதாச்சும் ஊத்துங்க."

எனக்கு அவன் மேல் தனி இரக்கம் ஒன்றும் இல்லை. கழுத்து வெட்டுப்பட்டுச் செத்தவனுக்கு கார்த்திகையில்தான் கல்யாணம், நான் போய் அட்சதை போட்டேன். அப்படியிருந்தும் மெட்டியைத் திருப்பிக் கொடுத்த விரலைக் காட்டிக் கொடுக்க மனசு வரவில்லை. மோரை உப்புப் போட்டுக் கரைத்து, சொம்பைச் சாய்த்து, இடுக்கு வழியாக நூல் மாதிரி ஊற்றினேன். அவன் கீழே வாயைத் திறந்து வாங்கிக்கொண்டான். பிசைந்த சோற்றைத் தட்டையாக்கி வாழை நாரில் கட்டி இறக்கினேன். மீசையை மழித்துக்கொள்ள உன் அப்பாவின் பழைய பிளேடு ஒன்றையும் இறக்கினேன். தொழுவத்து வாசலில் நின்று அஞ்சம்மாள் ஒருமுறை என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வேதாரண்யம் பஸ்ஸைப் பிடித்துவிட்டால் கோடியக்கரையில் படகுக்காரச் சிநேகிதன் ஒருவன் பார்த்துக்கொள்வான் என்று வீரையன் சொன்னான். மறுநாள் மத்தியானம் நம் ஆட்கள் களத்துக்குப் போனதும் நான் குதிகாலால் தரையை மூன்று தடவை தட்டுவது, அவன் பின்பக்கமாக வாய்க்காலில் இறங்கிவிடுவது என்று பேசிக்கொண்டோம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை.

காலையில் எல்லா அறையும் கழுவினேன், மூலை அறையை மட்டும் விட்டேன். என் மாமியார், உன் அப்பாயி, வாசலில் நின்று, "என்னடி, வெள்ளிக்கெழம அதுவுமா மூலைய மட்டும் மூதேவிக்கு விட்டுவச்சிருக்க?" என்றார்கள். தயங்கினால் சந்தேகம் வரும். தண்ணீர்தானே, நனைந்தால் காய்ந்துவிடுகிறது என்று நினைத்தேன். இடுக்கில் குனிந்து "தண்ணி ஊத்தப் போறேன், குப்புறப் படுத்துக்க, இருமிடாத" என்றேன். வாளியைத் தூக்கினேன். அந்த வாளியில் வெறும் தண்ணீரை ஊற்றியிருக்கலாம். யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை. என் கை மஞ்சளை எடுத்தது, கரைத்தது, ஊற்றியது. வெள்ளிக்கிழமைத் தண்ணீர் என்றால் மஞ்சள், அவ்வளவுதான், மூளைக்கு அதில் வேலையே இல்லை. அவன் இருமவில்லை. நான் சாமர்த்தியசாலி என்று எனக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மத்தியானம் தட்டினேன். போய்விட்டான். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்தில் டீக்கடைக் கூட்டத்தோடு நின்றிருக்கிறான். மீசை மழித்த முகம், யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பஸ்ஸும் வந்துவிட்டது. ஏறப் படியில் கால் வைத்து முதுகைத் திருப்பினான். டீ குடித்துக்கொண்டிருந்த நம் காரியக்காரர் அந்த முதுகைப் பார்த்தார். வெள்ளைச் சட்டையில் மேலிருந்து கீழ் வரை ஒரே அளவில் மஞ்சள் கோடு. அவர் கத்தியதை அங்கே இருந்தவர்கள் எனக்கு அப்புறம் சொன்னார்கள். "டேய், நம்ம ஊட்டுப் புலிடா அவன்! புடிங்கடா!"

முகப்புத் தூணில்தான் கட்டினார்கள், இடது பக்கம் இரண்டாவது. நாகத்தின் வாயிலிருந்து வால் வரை வளைவு வளைவாகக் குடைந்திருப்பதால் கயிறு நழுவாது. உன் புத்தகத்தில் அந்தத் தூணுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறாய். உன் அப்பா மாட்டைக் கட்டும் தும்புக் கயிற்றை முறுக்கித் தண்ணீரில் நனைத்து எடுத்து வந்தார். தம்பியைப் பறிகொடுத்த காரியக்காரர் உலக்கை எடுத்து வந்தார். முதலில் காலில் அடித்தார்கள். முழங்கால் உடைந்த சத்தம் நடுக்கூடம் வரை கேட்டது. "எவடா ஒன்ன ஒளிச்சு வச்சது? சோறு போட்டது எவ?" என்று ஒவ்வொரு அடிக்கும் உன் அப்பா கேட்டார். அவன் அம்மாவைக் கூப்பிட்டான், தண்ணீர் கேட்டான். என் பெயரைச் சொல்லவில்லை. ஒரு கட்டத்தில் கேள்வியை விட்டுவிட்டு அடிக்க மட்டும் செய்தார்கள். மண்டையில் விழுந்த அடியோடு அவன் தலை தொங்கியது. அதற்குப் பிறகும் அடித்தார்கள், தம்பி. நான் வட்ட வாசலுக்கு உள்ளே நின்றேன். அந்த வாசலைச் சட்டம் போட்ட ஓவியம்போல் முகப்பு தெரியட்டும் என்றுதான் சீனத் தச்சன் அமைத்தானாம், நீயே எழுதியிருக்கிறாய். தெரிந்தது. ஒன்றும் மறைக்கவில்லை.

அப்புறம் அஞ்சம்மாளைத் தொழுவத்திலிருந்து இழுத்து வந்தார்கள். தம்பி தூணில் தொங்குவதைப் பார்த்து அவள் அலறவில்லை, நின்றாள்.

"நீதானடி சோறு போட்ட?"

"எனக்குத் தெரியாதுங்கய்யா."

"அப்ப யாரு போட்டா?"

அவள் கண் வட்ட வாசல் பக்கம் வந்தது. என் மேல் நின்றது. திரும்பிப் போயிற்று. "தெரியாதுங்கய்யா" என்று மறுபடி சொன்னாள். அவள் வலது கையைக் கல்லுரலின் விளிம்பில் வைத்துப் பிடித்துக்கொண்டார்கள். உலக்கை மூன்று தடவை இறங்கியது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருக்கும். என்னை என்ன செய்திருப்பார்கள்? வயிற்றில் பண்ணையின் வாரிசு. நாலு அறை விழுந்திருக்கும், பிறந்த வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அந்த நாலு அறைக்குப் பயந்து ஒரு கையை நசுங்க விட்டேன்.

போலீஸ் வந்தது, காபி குடித்தது, மோதலில் அடிபட்டுச் செத்தான் என்று எழுதிக்கொண்டு போனது. சட்டையை மட்டும் உன் அப்பா எரிக்க விடவில்லை. கூரையின் இரண்டாம் அடுக்கில், கீழத்தெருவைப் பார்த்த மூலையில், மணிக்குப் பக்கத்தில் கட்டச் சொன்னார். ரத்தம் கறுத்த பிறகும் மஞ்சள் தெரிந்தது. ஆடிக் காற்றில்தான் கிழிந்து போனது. அந்த மூலையில் மட்டும் மணி ஏன் இல்லை என்று கேட்டிருந்தாய். கயிறு அறுந்தபோது அதுவும் சேர்ந்து விழுந்துவிட்டது.

நீ தவழ ஆரம்பித்தபோது, குறுவை அறுப்பில், மதகடியில் வைத்து உன் அப்பாவை வெட்டினார்கள். பதினாலு வெட்டு. முகத்தைத் துணி போட்டு மூடித்தான் கொண்டு வந்தார்கள். நான் அழுதேன், பொய் அழுகை இல்லை. எனக்கு அவர் நல்ல புருஷன். நான் மசக்கையில் படுத்திருந்தபோது தன் கையால் எலுமிச்சை பிழிந்து கொடுத்தவர். அதே கைதான் தும்புக் கயிற்றை நனைத்தது. இரண்டும் ஒரே கைதான் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்குப் பல வருஷம் ஆயிற்று, உனக்கும் ஆகும். உன்னிடம் மட்டும் பாதியைச் சொல்லி வளர்த்தேன். ரவுடிகள் வெட்டிய நல்ல மனுஷன் உன் அப்பா என்ற பாதி. அதை நம்பித்தான் இப்போது அவர் படத்துக்குச் சந்தன மாலை போட்டு அந்தத் தூணில் மாட்டப் போவதாக எழுதியிருக்கிறாய். "படத்தில் அப்பா சாய்ந்து நிற்கும் தூண்" என்று வேறு எழுதியிருக்கிறாய். அதைப் படித்தபோதுதான் எனக்கு இனித் தாங்காது என்று ஆயிற்று.

அவர் போன பிறகு பங்களா என் கைக்கு வந்தது. நான் இட்ட முதல் உத்தரவு இடுக்குகளை அடைப்பது. அடைத்தால் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். வேலைக்கு வந்தவர்களில் ஒருவன், "ஏன் ஆச்சி, பங்களாவைக் கடல்ல எறக்கப் போறீங்களா?" என்று கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள்.

போன வாரம், உன் கடிதம் வந்த மறுநாள், கீழத்தெருவுக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. அஞ்சம்மாள் வாசலில் உட்கார்ந்து இடது கையால் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வலது கையை மடியில் வைத்திருந்தாள். நான் மண்ணில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், மோர், சோறு, மஞ்சள், எல்லாம். அவள் கீரையை விட்டுக் கண் எடுக்கவில்லை.

"தெரியும்" என்றாள். "நீங்க சோத்துக்கட்டோட மூலை ரூமுக்குப் போனத தொழுவத்துலேருந்து பாத்தேன்."

"அப்பறம் ஏன் அஞ்சம்மா சொல்லல? எனக்காகவா ஒன் கையக் குடுத்த?"

நிமிர்ந்து பார்த்தாள். "ஒங்களுக்காகவா? நல்லா இருக்கே. சொன்னா ஒங்கள ரூமுக்குள்ள வச்சுப் பூட்டிருப்பாங்க. பங்களா வரைக்கும் கை நீண்டுடுச்சான்னு எங்க தெருவக் கொளுத்திருப்பாங்க. உள்ள நாப்பது புள்ளைங்க இருந்துச்சு. அதுக்குத்தான்."

இத்தனை காலமும் அவள் என் மேல் வைத்த விசுவாசம் என்று நான் மனசுக்குள் ஒரு பூ வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். அதையும் பிடுங்கிப் போட்டுவிட்டாள். நல்லது செய்தாள். எழுந்திருக்கப் போனபோது கேட்டாள்:

"இப்பவும் வெள்ளிக்கெழமயில தரை கழுவுறீங்களா?"

"கழுவுறேன்."

"மஞ்சப் போட்டா?"

"இல்ல. அதுலேருந்து வெறும் தண்ணிதான்."

அவள் கீரைத் தண்டை ஒடித்து முறத்தில் போட்டாள். "அன்னைக்கித் தோணலியேம்மா" என்றாள். கோபமே இல்லை அந்தக் குரலில். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

உனக்கு வரப்போகிறவள் நன்றாகப் பேசுகிற பெண் என்று எழுதியிருந்தாய். அவளைப் பேச விடு. அடியில் யாராவது இருக்கிறார்கள் என்று அவள் சொன்னால் குனிந்து பார். எந்த வேலையையும் வழக்கம் என்பதற்காகக் கை தானாகச் செய்ய விடாதே. எனக்குத் தெரிந்த புத்தி இவ்வளவுதான், ரொம்ப விலை கொடுத்து வாங்கியது.

இடுக்குகளைத் திறக்க வேண்டும் என்கிறாய். திற, நான் தடுக்கவில்லை. ஆனால் கூலிக்கு ஆள் வைக்காதே. நீயே மண்டியிட்டு, உளியால் குங்கிலியத்தைச் சுரண்டி எடு. அப்பா படத்தைத் தூணில் மாட்டாதே. எல்லாம் திறந்த பிறகு, கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அடியில் போய் மூலை அறைக்கு நேர் கீழே குப்புறப் படுத்துக்கொள். நான் மேலே வாளியோடு நிற்கிறேன். இந்தத் தடவை மஞ்சளைத் தெரிந்தே கரைப்பேன். வெளியே வந்து, அந்த முதுகோடு கீழத்தெரு வழியாகப் பஸ் நிற்கும் இடம் வரை நடந்து போ. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும், யாராவது கேட்டால் பதில் சொல். அதற்குப் பிறகு தாலி கட்டலாம்.

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வா.

அம்மா